சின்ன பேட்டரி

என் காரில் அன்று காலை 82 சதவீதம் சார்ஜ் இருந்தது. ஆனாலும் கார் கிளம்பவில்லை.

மணி ஐந்தரை. அம்மாவுக்கு வலது கண்ணில் காடராக்ட் ஆபரேஷன். ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அம்மா நாலு மணிக்கே எழுந்து, குளித்து, விபூதி இட்டுக்கொண்டு, மஞ்சள் பையில் பழைய ரிப்போர்ட்டுகளை அடுக்கிக்கொண்டு, ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்புகிறவர் மாதிரி லிஃப்ட் வாசலில் வந்து நின்றுவிட்டார். ரிமோட்டை அமுக்கினேன். வழக்கமாக ‘க்ளிக்’ என்று கண் சிமிட்டி வரவேற்கும் வண்டி, கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தது. இன்னொரு அமுக்கு. ம்ஹூம்!

“என்னடா... பெட்ரோல் போடலையா?” என்றார் அம்மா.

“இதுக்குப் பெட்ரோலே கிடையாதும்மா.”

“அதான் கேட்டேன்” என்றார்.

கதையை இந்த லிஃப்ட் வாசலிலேயே நிறுத்திவிட்டு, பதினாலு மாதம் பின்னால் போய்வரலாம். அம்மாவுக்கு வாட்ச்மேன் தாத்தா நாற்காலி போட்டுவிட்டார். கவலை வேண்டாம்.

பி.காம். படித்தவனுக்கு எதை வாங்குவதென்றாலும் முதலில் ஒரு வெள்ளைத்தாள் வேண்டும். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. எலெக்ட்ரிக் கார் வாங்கலாமா, வேண்டாமா என்ற கேள்வி வந்தபோதும் அப்படித்தான் உட்கார்ந்தேன்.

பழைய பெட்ரோல் கார் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்தது. லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய் சொச்சம். எலெக்ட்ரிக் கார், என்னைப் போல அவசரப்படாமல் ஓட்டினால், ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் போகும். சார்ஜ் ஏறும்போது வழியில் பத்து சதவீதம் சூடாக வீணாகும். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று போட்டால்கூட கிலோமீட்டருக்கு ஒண்ணேகால் ரூபாய்தான். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் கிட்டத்தட்ட 5,850 ரூபாய் மிச்சம். ஆனால், எலெக்ட்ரிக் கார் அதே சைஸ் பெட்ரோல் காரைவிட ஐந்து லட்சம் அதிகம் என்றார்கள். அந்த ஐந்து லட்சத்தை இந்த மிச்சத்தால் அடைக்க ஏழு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். பேட்டரிக்கு அவர்கள் கொடுத்த வாரன்டி எட்டு வருஷம். போட்ட காசு கைக்கு வந்து, மூச்சு விட்டு நிமிரும்போது வாரன்டி முடியும்!

“அப்ப எதுக்கு வாங்கறீங்க?” என்றாள் மனைவி.

அதற்கு என்னிடம் இன்னொரு வரி இருந்தது. பராமரிப்பு. இன்ஜின் ஆயில் இல்லை. ஆயில் ஃபில்டர் இல்லை. ஸ்பார்க் பிளக் இல்லை. கிளட்ச் பிளேட் இல்லை. சைலன்சர் இல்லை. பழைய காருக்கு இந்த வகையில் வருஷத்துக்கு இருபதாயிரம் ரூபாய் போய்க்கொண்டிருந்தது. அதற்கு நேரே ‘மிச்சம்’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்.

அந்த இருபதாயிரம் யாருக்குப் போய்க்கொண்டிருந்தது என்று அந்தத் தாளில் எழுதவில்லை. எழுதும் வழக்கமும் இல்லை.

அது பாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் வேளச்சேரியில், மெயின் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் புங்க மரத்தடியில் தகர ஷெட். ஒரே நேரத்தில் இரண்டு கார் நிற்கலாம். மூணாவது வந்தால் தெருவில்தான். பாய்க்கு அறுபது வயது இருக்கும். நெற்றியில் தொழுத தழும்பு, விரல் நகங்களில் எந்த சோப்புக்கும் போகாத கறுப்பு. ஒவ்வொரு வண்டிக்கும் நீளமான கணக்கு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, ஆயில் மாற்றிய தேதி, ஃபில்டர் மாற்றிய தேதி, பிளக், பிரேக் என்று கட்டம் கட்டி எழுதிவைப்பார். என் பழைய காருக்கு 2009-லிருந்து அவர்தான் டாக்டர்.

2015 டிசம்பர் வெள்ளம். எங்கள் அப்பார்ட்மென்ட் கார் பார்க்கிங்கில் கதவு உயரத்துக்குத் தண்ணீர். செல்போனில் டவர் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. எப்படியோ லைன் கிடைத்து பாய் கூப்பிட்டார். “சார், தண்ணி வடிஞ்சாலும் சாவியை மட்டும் போட்டுடாதீங்க. நான் வந்து பார்க்கற வரைக்கும் தொடாதீங்க” என்றார். அவ்வளவுதான், லைன் கட்!

அவர் எதற்குச் சொன்னார் என்பது பிறகுதான் புரிந்தது. இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால், பிஸ்டன் மேலே வந்து தண்ணீரை நசுக்கப் பார்க்கும். காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு வளைந்துவிடும். அந்த மாதம் சென்னையில் எத்தனையோ கார்களைக் கொன்றது வெள்ளம் இல்லை, சாவி. என் கார் பிழைத்தது. பாய் ஆயிலை இறக்கி, எல்லாவற்றையும் கழற்றி, காயவைத்து, மூணு வாரம் கழித்துக் கையில் கொடுத்தார்.

அந்த காரை ஷோரூமில் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு எலெக்ட்ரிக் காருக்கு மாறியபோது, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ‘இனிமே உங்ககிட்ட வேலை இல்லை பாய்’ என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? அந்தச் சந்தைத் தவிர்த்து, ஒரு கிலோமீட்டர் சுற்றி வீட்டுக்கு வருவது பழக்கமாகிவிட்டது.

*

எலெக்ட்ரிக் கார் வாங்கியவன் முதலில் கார் ஓட்டக் கற்றுக்கொள்வதில்லை. பிளக் பாயின்ட் தேடக் கற்றுக்கொள்கிறான்.

முதல் வாரம் வாட்ச்மேன் ரூமிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு சார்ஜ் செய்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு வாட்ச்மேன் தாத்தா காலிங் பெல் அடித்தார். “சார், ஏதோ பிளாஸ்டிக் கருகற வாசனை.” கீழே போய்ப் பார்த்தால் பாக்ஸ் பாதி உருகியிருந்தது. 15 ஆம்பியர் பாயின்ட்டில் கார் இழுக்கும் மின்சாரம் மூணு கிலோவாட்டுக்கு மேல். அதாவது, மூணு இஸ்திரிப் பெட்டியை ஒரே பிளக்கில் மாட்டி, ராத்திரி முழுக்க அணைக்காமல் வைப்பதற்குச் சமம். முப்பது யூனிட் பேட்டரி காலியிலிருந்து நிறைய பத்து மணி நேரம் ஆகும். டி.வி-க்கு வாங்கிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அதைத் தாங்குமா? தாத்தாவுக்கு அன்று தூக்கம் வந்திருந்தால் இந்தக் கட்டுரையின் தலைப்பு வேறாக இருந்திருக்கும்.

அப்புறம் அசோசியேஷன் மீட்டிங். 24 வீடு. செகரட்டரி ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். என் வீட்டு மீட்டரிலிருந்தே, என் செலவிலேயே, என் பார்க்கிங்குக்குத் தனி கேபிள் இழுத்துக்கொள்கிறேன் என்று கடிதம் கொடுத்திருந்தேன். வீட்டிலேயே சொந்தமாக சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறை 2018 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் இருக்கிறது. அதையும் பிரின்ட் எடுத்து இணைத்தேன்.

“சட்டம் சரி சார். சுவர் பொதுச் சுவராச்சே?” என்றார் செகரட்டரி.

மூணாவது மாடிக்காரர், “இவருக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேட்பாங்க” என்றார். எல்லாரும் கேட்டால் நல்லதுதானே என்று நினைத்தேன், சொல்லவில்லை. முதல் மாடிப் பாட்டி, “மழைத் தண்ணி உள்ளே வந்தா பில்டிங் பூரா ஷாக் அடிக்காதா?” என்று கேட்டார். வேளச்சேரியில் இது நியாயமான கேள்வி. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் எங்கள் ஏரியாக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தியதை டி.வி-யில் பார்த்திருப்பீர்கள். என் பழைய காரும் அந்த வரிசையில் நின்றது.

பாட்டிக்கு பதில் சொன்னேன். பெரிய பேட்டரியைத் தண்ணீர் புகாத பெட்டிக்குள் மூடித்தான் வைக்கிறார்கள். சார்ஜரும் காரும் ஒன்றோடொன்று பேசி, எல்லாம் சரி என்று உறுதியான பிறகுதான் மின்சாரமே பாயும். ஆனாலும் வெள்ளம் வந்தால் சார்ஜிங் கிடையாது, வண்டி மேம்பாலத்துக்குப் போய்விடும் என்று வாக்குக் கொடுத்தேன். கடைசியில் பாட்டிதான் என் பக்கம் பேசினார். “ராத்திரி புகை கக்காம, சத்தமில்லாம வர ஒரே வண்டி இதுதான். விடுங்கோப்பா.” தீர்மானம் நிறைவேறியது.

முப்பது மீட்டர் காப்பர் கேபிள் இழுத்து, தனி பிரேக்கர் வைத்து, பிளக்கைச் செருகினால் சார்ஜரில் சிவப்பு விளக்கு! எலெக்ட்ரீஷியன் தம்பி அரை மணி நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, காம்பவுண்டு மூலையில் எர்த் குழியைத் தேடிக் கண்டுபிடித்தார். காய்ந்து கருவாடாகக் கிடந்தது. எர்த் சரியில்லை என்றால் கார் சார்ஜர் சோறு சாப்பிடாது. பிடிவாதக்காரக் குழந்தை. நம் வீட்டு மிக்ஸியும் கிரைண்டரும் இத்தனை வருஷமாக அந்த விஷயத்தைக் கண்டும் காணாமல் ஓடிக்கொண்டிருந்தன! கரியும் உப்பும் கொட்டி, தண்ணீர் ஊற்றினார்கள். விளக்கு பச்சைக்கு மாறியது.

“வெயில் காலத்துல அப்பப்ப ஒரு பக்கெட் தண்ணி ஊத்துங்க சார்” என்றார் தம்பி. ஆக, இந்தப் பதினாலு மாதத்தில் என் காருக்காக நான் ஊற்றிய ஆயில் பூஜ்யம். குழிக்கு ஊற்றிய தண்ணீர்தான் கணக்கில்லை.

திருச்சிக்குப் போகும்போது இன்னொரு பாடம். சுமார் 330 கிலோமீட்டர். ஒரே மூச்சில் என் கார் போகாது. விழுப்புரம் பக்கம் ஒரு ஹோட்டலில் வேக சார்ஜர். எனக்கு முன்னால் ஒரு குடும்பம். 80 சதவீதம் வரை மளமளவென்று ஏறியது. அதற்கு அப்புறம் ஆமை. அவர்கள் நூறு ஆகட்டும் என்று இரண்டாவது காபிக்குப் போய்விட்டார்கள்.

ஏன் 80-க்கு மேல் ஆமை? தியேட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். கதவு திறந்ததும் எல்லா சீட்டும் காலி, ஓடிப்போய் உட்காரலாம். முக்கால்வாசி நிறைந்த பிறகு வருகிறவர் இருட்டில் டார்ச் அடித்து, நாலு பேர் முழங்காலை இடித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். பேட்டரிக்குள் லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளில் இடம் பிடிப்பதும் இப்படித்தான். அவசரப்படுத்தித் தள்ளினால், இடம் கிடைக்காத லித்தியம் வாசலிலேயே படிந்துவிடும். பேட்டரியின் ஆயுள் குறையும். அதனால்தான் கடைசியில் மெதுவாக விடுகிறார்கள். வேக சார்ஜரில் 80 வந்ததும் பிளக்கைக் கழற்றி அடுத்தவருக்கு விடுவது மரியாதை மட்டுமில்லை, நம் நேரமும் மிச்சம்.

வீட்டு விஷயம் வேறு. என் காரில் இருப்பது லித்தியம் - இரும்பு - பாஸ்பேட் வகை. எவ்வளவு சாப்பிட்டாலும் முகத்தில் காட்டாத ஆசாமி. பாதி வயிறா, முக்கால் வயிறா என்பது வோல்டேஜைப் பார்த்து லேசில் தெரியாது. அதனால் அவ்வப்போது நூறு வரை ஏற்றச் சொல்கிறார்கள். அப்போதுதான் கம்ப்யூட்டருக்குக் கணக்கு நேராகும். நிக்கல் கலந்த இன்னொரு வகைக்குத் தினப்படி 80 போதும் என்பார்கள். கார் வைத்திருப்பவர்கள் தங்கள் கையேட்டில் எந்த வகை என்று ஒரு தரம் பார்த்துக்கொள்வது நல்லது.

இப்படியாக நான் பெரிய பேட்டரியைப் பற்றி ஒரு பண்டிதனாகவே ஆகிவிட்டேன். அந்தத் தலைக்கனத்தோடுதான் அன்று காலை ஐந்தரை மணிக்கு ரிமோட்டை அமுக்கினேன்.

*

சார்ஜரைச் செருகிப் பார்த்தேன். அசையவில்லை. கம்பெனி ஹெல்ப்லைனைக் கூப்பிட்டேன். ஒன்றை அழுத்தவும், மூன்றை அழுத்தவும், பிறகு கொஞ்சம் வீணை. கடைசியில் ஒரு பெண் மிக இனிமையாக, “நாலு மணி நேரத்துக்குள்ள டோயிங் வண்டி வந்துடும் சார்” என்றார். கால் டாக்ஸி ஆப்பில் மூணு டிரைவர்கள் ஏற்றுக்கொண்டு, மூணு பேரும் கேன்சல் செய்தார்கள். மனைவி ஆட்டோ பிடிக்கத் தெருமுனைக்கு ஓடினாள். அம்மா ஒன்றும் பேசவில்லை. இந்த ஆபரேஷன் தேதிக்காக இரண்டு மாதம் காத்திருந்தவர் அவர். பையிலிருந்த ரிப்போர்ட்டுகளை வெளியே எடுத்து, மறுபடி அடுக்கினார்.

செல்போனில் ‘மெக்கானிக் பாய்’ என்ற பெயர் வரை விரல் போனது. நின்றது. பதினாலு மாதம். எந்த முகத்தோடு கூப்பிடுவது?

அம்மாவின் கையைப் பார்த்தேன். லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அழுத்தினேன்.

இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார். “சொல்லுங்க சார். தொழுதுட்டு இப்பதான் வீட்டுக்கு வந்தேன். அம்மா சௌக்கியமா?”

விஷயத்தைச் சொன்னேன். புது வண்டி எலெக்ட்ரிக் என்பதையும் சேர்த்து, முழுங்கி முழுங்கித்தான் சொன்னேன். அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

“உள்ளே லைட் எரியுதா? ஹார்ன் அடிக்குதா?”

“எதுவும் இல்லை பாய். கதவே திறக்கலை.”

“அப்ப சின்ன பேட்டரி சார். பெருசுக்கு ஒண்ணும் ஆகலை. அம்மாவை உட்காரச் சொல்லுங்க, வரேன்.”

சின்ன பேட்டரியா? பதினாலு மாதம் ஓட்டியிருக்கிறேன். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது!

பத்தே நிமிஷத்தில் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்து இறங்கினார். முன்னால் கால் வைக்கும் இடத்தில் ஒரு பழைய பேட்டரி, தோளில் ஒயர். ரிமோட்டை வாங்கி, பின்பக்கம் ஏதோ செய்து, உள்ளே ஒளிந்திருந்த ஒரு இரும்புச் சாவியை உருவினார். அதுவும் எனக்குத் தெரியாது. கதவைத் திறந்து, பானட்டைத் தூக்கி, மீட்டரை வைத்தார். பன்னிரண்டரை வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் எட்டு. தான் கொண்டுவந்த பேட்டரியிலிருந்து சிவப்பு ஒயரை ப்ளஸ்ஸிலும், கறுப்பு ஒயரை இரும்பிலும் மாட்டினார்.

“இப்பப் போடுங்க சார்.”

பட்டனை அமுக்கினேன். அடியில் எங்கேயோ ‘டக்... டக்’ என்று இரண்டு சத்தம். ஸ்கிரீன் விழித்துக்கொண்டது. 82 சதவீதம்.

“ஒரு மணி நேரம் ஆஃப் பண்ணாதீங்க. பெருசு சின்னதுக்கு சார்ஜ் ஏத்தும். சாயங்காலம் கடைக்கு வாங்க, மாத்திடலாம். அம்மா, நல்லபடியா முடியும், பயப்படாதீங்க” என்றார். அம்மா அவரைப் பார்த்துக் கைகூப்பினார். தெருமுனையில் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த மனைவியை வழியில் ஏற்றிக்கொண்டேன். ஆறு ஐம்பதுக்கு ஆஸ்பத்திரி வாசலில் இருந்தோம்.

அம்மாவை அழைத்துக்கொண்டு மனைவி உள்ளே போக, நான் ஆஸ்பத்திரி பார்க்கிங்கில், ஆஃப் செய்யக் கூடாத காருக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கையில் செல்போன். படிக்க ஆரம்பித்தேன்.

எலெக்ட்ரிக் காரின் பெரிய பேட்டரி எப்போதும் மோட்டாரோடு இணைந்திருப்பதில்லை. நிறுத்தியதும் பாதுகாப்புக்காகத் துண்டிக்கப்பட்டுவிடும். மறுபடி இணைக்கும் சுவிட்சை இயக்குவதும், காரின் கம்ப்யூட்டரை எழுப்புவதும், கதவைத் திறப்பதும் எல்லாம் அந்த 12 வோல்ட் சின்ன பேட்டரியின் வேலை. கோட்டைக்குள் ராஜா இருக்கிறார், கஜானா நிறைய பணம் இருக்கிறது. கதவைத் திறக்கும் காவல்காரனுக்கு மயக்கம். அவ்வளவுதான் நடந்தது. பெட்ரோல் காரில் பேட்டரி பலவீனமானால் காலையில் ‘கிர்ர்... கிர்ர்...’ என்று முனகி நாலு நாள் முன்னாலேயே சொல்லிவிடும். இதில் முனகல் கிடையாது. ஒருநாள் காலை சத்தமில்லாமல் கண்ணை மூடிவிடும்.

இதில் ஒரு சரித்திர வேடிக்கையும் இருக்கிறது. எலெக்ட்ரிக் கார் புதுசு என்று நினைக்கிறோம். 1897-லேயே நியூயார்க்கில் எலெக்ட்ரிக் டாக்ஸிகள் ஓடின. மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தை முதலில் தாண்டிய கார், 1899-ல் காமில் ஜெனட்ஸி ஓட்டிய எலெக்ட்ரிக் கார். பெட்ரோல் கார் மன்னர் ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியதே எலெக்ட்ரிக் கார்தான்! அப்போது பெட்ரோல் காரை முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். அது பின்னடித்துக் கை உடைந்தவர்கள் ஏராளம். 1912-ல் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் கேடிலாக் காரில் வந்தது. ஒரு பேட்டரியும் ஒரு மோட்டாரும் ஹேண்டிலை ஒழித்துவிட்டன. எலெக்ட்ரிக் காரின் பெரிய சௌகரியம் போயிற்று. மலிவு விலை பெட்ரோல் கார்களும் சேர்ந்துகொள்ள, கொஞ்ச வருஷத்தில் எலெக்ட்ரிக் கார்களே ரோட்டிலிருந்து காணாமல் போயின.

அன்று எலெக்ட்ரிக் காரைத் தோற்கடிக்க உதவிய அந்த ஸ்டார்ட்டர் பேட்டரியின் வாரிசுதான் இன்று எலெக்ட்ரிக் காரை எழுப்பிவிடுகிறது.

*

அம்மாவின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம், பதினாலு மாதத்துக்குப் பிறகு அந்தச் சந்துக்குள் வண்டியைத் திருப்பினேன். புங்க மரம் அப்படியே இருந்தது. ஷெட்டில் ஒரே ஒரு கார் நின்றது.

பாய் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார். “இந்த கேமராவுக்கு ஒயர் யாரு எடுத்தது?”

ஆக்சஸரீஸ் கடையில் போட்டது. வண்டி நிற்கும்போதும் படம் பிடிக்க வேண்டும் என்று நான்தான் கேட்டிருந்தேன். நடுவில் பத்து நாள் நாங்கள் ஊரில் இல்லை. பத்து நாளும் அந்தக் கேமரா எங்கள் அப்பார்ட்மென்ட் சுவரைப் படம் பிடித்து, சின்ன பேட்டரியை உறிஞ்சிக் குடித்திருக்கிறது. பாய் ஒயரை இடம் மாற்றினார். புது பேட்டரி போட்டார்.

“உங்களுக்கு எப்படி பாய் இதெல்லாம் தெரியும்?”

“எலெக்ட்ரிக் கால் டாக்ஸி ரெண்டு இப்ப நம்மகிட்டதான் டயர், பிரேக் பார்க்குது. அந்தப் பசங்ககிட்டக் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்” என்றவர், பானட்டுக்குள் தடியாக ஓடிய ஆரஞ்சு நிற ஒயரைக் காட்டினார். “இதைத் தொட மாட்டேன் சார். முந்நூறு வோல்ட்டுக்கு மேல. கம்பெனி ஆளுங்கதான் தொடணும். மத்ததெல்லாம் இரும்பும் ரப்பரும்தானே?”

கொஞ்சம் தைரியம் வந்தது. “பாய்... சொல்லாம வண்டியை மாத்திட்டேன். கோபமா?”

“கோபம் என்ன சார்? பழைய வண்டியை என்ன விலைக்குக் குடுத்தீங்க?”

சொன்னேன்.

“அடடா... நான் இன்னும் நாப்பதாயிரம் கூட வாங்கிக் குடுத்திருப்பேனே! அந்த இன்ஜின் எனக்குத்தானே தெரியும்” என்றார். நிஜமான வருத்தம், என் நாற்பதாயிரத்துக்காக.

டீ வந்தது. பழைய கதை பேசினார். “2000-ம் வருஷம் வாக்குல இன்ஜெக்‌ஷன் வண்டி வந்துச்சே... அப்ப நான் போர்டுல ‘கார்புரேட்டர் ஸ்பெஷலிஸ்ட்’னு எழுதியிருந்தேன். அவ்ளோதான், பொழப்பு போச்சுன்னாங்க. கடன் வாங்கி ஸ்கேனர் வாங்கினேன், கத்துக்கிட்டேன். ஆனா, இது அது மாதிரி இல்லை சார். அப்ப வேலை மாறிச்சு. இப்ப வேலையே கம்மி.” புகார் சொல்கிற குரல் இல்லை. மைலேஜ் சொல்கிற குரல். “ரெண்டு பையனுங்க இருந்தாங்க. ஒருத்தன் சாப்பாடு டெலிவரிக்குப் போயிட்டான். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்லதான் போறான்.”

எனக்கு பதில் தெரியவில்லை. பி.காம். முதல் வருஷத்தில் எங்கள் அக்கவுன்டன்ஸி சார் ‘நற்பெயர்’ பாடம் நடத்தியது ஞாபகம் வந்தது. கண்ணுக்குத் தெரியாத, கையால் தொட முடியாத சொத்து. கூட்டாளி ஒருவர் சேரும்போதோ விலகும்போதோ அதை மதிப்பிட்டுக் கணக்கில் கொண்டுவருவார்கள் என்று சொல்லிக்கொடுத்தார். நான் விலகினேன். மதிப்பிடவில்லை. அன்று காலை அழைப்பை அவர் எடுக்காமல் இருந்திருக்கலாம். எடுத்தார், முதல் கேள்வியே ‘அம்மா சௌக்கியமா’.

“இந்த வண்டிக்கு என்னென்ன பார்க்கணும் பாய்?” என்று கேட்டேன்.

விரல் விட்டு எண்ணினார். டயர், வண்டி கனம் என்பதால் சீக்கிரம் தேயும், இடம் மாற்றிப் போட வேண்டும். காற்று குறைந்தால் கிலோமீட்டரும் குறையும். மோட்டாரே பாதி பிரேக் பிடித்துவிடுவதால் பிரேக் பேடு தேயாது; ஆனால் வேலை இல்லாமல் சும்மா இருக்கும் டிஸ்க், நம் ஊர்க் கடல்காற்றில் துரு பிடிக்கும், கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். பிரேக் ஆயில், ஏசி ஃபில்டர், வைப்பர், சஸ்பென்ஷன். அப்புறம் சின்ன பேட்டரியை ஆறு மாதத்துக்கு ஒரு தரம் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். மனசுக்குள் கூட்டினேன். வருஷத்துக்கு மூவாயிரம், நாலாயிரம் வரலாம். இருபதாயிரம் எங்கே, நாலாயிரம் எங்கே! அந்தச் சந்துக்கு நான் மறுபடி வருவதால் பாயின் கணக்கு நேராகிவிடாது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பேட்டரி விலை, கூலி முந்நூறு. கூடக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்தார். “கணக்கு கணக்கா இருக்கட்டும் சார்.”

பிறகு அலமாரியிலிருந்து அந்த நீள நோட்டை எடுத்தார். என் பழைய காரின் பக்கத்தைத் தள்ளினார். புதுப் பக்கத்தில் புது வண்டி நம்பரை எழுதி, தேதி போட்டார். வழக்கம்போலக் கட்டம் கட்டினார். ஆயில், ஃபில்டர், பிளக், பிரேக். ஒரு விநாடி பேனா நின்றது. ஆயிலுக்கு நேரே ஒரு கோடு. ஃபில்டருக்கு நேரே ஒரு கோடு. பிளக்குக்கு நேரே ஒரு கோடு.

பிரேக்கில் டிக் அடித்தார். அதற்குப் பக்கத்தில், காலியாக இருந்த மார்ஜினில், புதுசாக ஒரு கட்டம் போட்டு எழுதினார்: ‘சின்ன பேட்டரி’.